மரத்துப்போன தரை

ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டை ‘மாடர்ன்’ ஆக்கினால் முதல் பலி தரைதான். கறுப்பு பார்டர் ஓடும் சிவப்புக் காவித் தரை. இரண்டு தலைமுறை தேய்த்து வழவழப்பாக்கியதைக் கடப்பாரை அரை நாளில் முடித்துவிடும். சிலர் அந்த இடத்தில் மரப்பலகை பதிக்கிறார்கள். ஓரத்தில் கருஞ்சாயம் ஏற்றிய பின்னல் பார்டர் வேறு!

கேட்டால், “பையன் அமெரிக்காலேருந்து போட்டோ அனுப்பினான் சார்.”

அமெரிக்காவில் சரி. அங்கே பனி கொட்டுகிறது. மரம் சூட்டை லேசில் கடத்தாது. உங்கள் பாதத்தின் சூடு பாதத்திலேயே நிற்கும், கதகதப்பாக இருக்கும். திருச்சியில் யாருக்கய்யா வேண்டும் கதகதப்பு? கோடையில் 40 டிகிரி கொதிக்கிற ஊர் இது. சிமென்ட் தரை உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். மத்தியானம் பாய்கூட இல்லாமல் வெறும் தரையில் படுத்தவர்களுக்கு இதற்கு பிஸிக்ஸ் தேவையில்லை.

அடுத்தது தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற தீவு ஸ்ரீரங்கம். மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பண்டிகை வந்தால் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிற ஆட்கள் நாம். கறையானை நான் சொல்லவே இல்லை.

பார்டர்தான் ஆசையா? மார்கழியில் உத்திர வீதியில் நடந்து பாருங்கள். கோலத்தைச் சுற்றிச் செம்மண் பட்டை இழுத்தால்தான் கோலம் முடிந்ததாக அர்த்தம். வீட்டுக்குள் அதே சிவப்பு வேறு வழியில் வருகிறது. சிமென்டில் இரும்பு ஆக்ஸைடைக் கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து, நாள்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். அந்தக் கை உள்ள கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாம் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

பூவேலை வேண்டுமா? சுமார் 90 கிலோமீட்டரில் காரைக்குடி, பக்கத்திலேயே ஆத்தங்குடி. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட் கரைசலைக் கையால் ஊற்றுகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காய வைப்பதுதான். பார்டருக்கென்றே தனிக் கல் உண்டு.

காவித் தரை விரிசல் விடுமே என்பீர்கள். விடும். ஒட்டுப்போட்டால் தெரியும், அதுவும் நிஜம். அதற்காக மொத்தத் தரையையும் பெயர்ப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஸ்ரீரங்கம் கோயிலைப் பழைய முறைப்படி புதுப்பித்ததற்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் விருது கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. ரங்கநாதர் வீட்டுக்கு ஒரு நியாயம், நம் வீட்டுக்கு ஒரு நியாயமா?

பையன் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம். மிச்ச நாளெல்லாம் அந்தத் தரையில் நடப்பதும் படுப்பதும் துடைப்பதும் நீங்கள்தான். அவனுக்கு பதிலுக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், துடைத்துவிட்ட உங்கள் சிவப்புத் தரையை.