ஆர்க்டிக் குட்டைகளை அளப்பது நின்றுவிடக் கூடாது

கோடை பிறந்ததும் ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் வெண்பனி உருகி, குட்டை குட்டையாகத் தேங்குகிறது. பல குட்டைகளில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. முதலில் வெளிர்நீலமாகத் தெரிபவை, அடியிலுள்ள பனி மெலிய மெலியக் கருத்துவிடுகின்றன.

வெண்பனி மூடிய கடற்பனி, தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். குட்டை நிற்கும் இடத்தில் அது 20 முதல் 40 சதவீதமாகச் சரிகிறது. மீதி வெயில் உள்ளே இறங்கிப் பனியை உருக்க, குட்டை ஆழமாகி இன்னும் அதிக வெயிலை விழுங்குகிறது. இது நடப்பதோ சூரியன் மறையாத மாதங்களில்.

பல ஆண்டுகள் தாங்கிய பழைய பனி மேடும் பள்ளமுமாக இருப்பதால் நீர் பள்ளங்களுக்குள் அடங்கும். ஒரே குளிர்காலத்தில் உறைந்த புதுப்பனி தட்டையானது. அதே நீர் அங்கே அகலமாகப் பரவுகிறது. ஆர்க்டிக்கில் இன்று பெரும்பகுதி இந்தப் புதுப்பனிதான்.

இதையெல்லாம் மனிதர்கள் நேரில் போய் அளந்தே அறிந்தார்கள். 1997 அக்டோபரில் ஆய்வாளர்கள் கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்றை பொஃபோர்ட் கடலில் உறையவிட்டு ஓராண்டு மிதந்தனர். 200 மீட்டர் நீளக் கோடு வகுத்து, இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை நின்று ஒளியை அளந்தனர். குட்டைகளின் கணக்கு முன்கணிப்புக்கும் உதவும்: மே மாதக் குட்டைகளின் பரப்பைக் கொண்டு செப்டம்பரில் எவ்வளவு பனி மிஞ்சும் என்று கணிக்கலாம் என்பதை ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

ஆனால், கடற்பனியின் பரப்பைக் கணக்கிடும் நுண்ணலைச் செயற்கைக்கோள்களுக்குக் குட்டை நீரும் திறந்த கடலும் ஒன்றாகவே தெரிகின்றன. அதனால் லேசர், ரேடார், ஒளிப்படம், கப்பல் என எல்லாம் சேர்ந்து பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

இந்த நிலையில், தன் ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் நுண்ணலைத் தரவை நிறுத்தப்போவதாக 2025இல் அமெரிக்கா அறிவித்தது. பிறகு 2026 செப்டம்பர் வரை தருவதாகக் கெடுவை நீட்டித்தது. 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து வரும் ஒரு கணக்கு, ஒரு நாட்டு ராணுவத்தின் தயவில் தொங்குவதை ஏற்க முடியாது. மாற்றாக உள்ள ஜப்பானின் செயற்கைக்கோள்களில் ஒன்று 2012இலேயே ஏவப்பட்டது; அதுவும் பழசாகிவிட்டது.

ஆர்க்டிக் மன்றத்தின் உறுப்பு நாடுகளும் பார்வையாளர் நாடுகளும் இந்த அளவீட்டுக்கான செலவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவும் 2013 முதல் அங்கே பார்வையாளர். ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை நடத்துகிறது. சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் பங்கெடுத்து உருவாக்கிய ‘இண்டார்க்’ கருவியை 2014இல் அங்குள்ள கடலுக்குள் இறக்கியது. இனி பனிப்பரப்பின் மேலேயும் இந்தியா அளக்க வேண்டும்.

பழைய செயற்கைக்கோள் ஓயும் முன்பே புதியது மேலே சென்று, ஒரு கோடை முழுவதுமாவது இரண்டும் சேர்ந்து இயங்க வேண்டும். அப்போதுதான் இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பிழை நீக்க முடியும். தவறவிட்ட ஜூன் மாதத்துக் குட்டைகளைப் பின்னால் போய் அளக்க வழியே இல்லை.