பத்து நாள் விருந்தாளி

நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் கண்ணால்தான் இனத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். எனக்கும் அப்படியோர் ஆசை நெடுநாளாக இருந்தது. ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கூரிய முகமும் கொண்ட சிப்பிப்பாறை நாய்தான் வேண்டும் என்று எண்ணியிருந்தேன். நம் மண்ணின் இனம் என்ற பெருமிதமும் அதில் கலந்திருந்தது.

அந்த ஆசையைச் சோதிக்கும் வாய்ப்பு ஒரு கோடை விடுமுறையில் வந்தது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் வெளியூர் சென்றபோது, தம் சிப்பிப்பாறையைப் பத்து நாள் என்னிடம் விட்டுச் சென்றார். முதல் நாள் அது உணவைத் தொடவில்லை. வாசலை நோக்கியே படுத்திருந்தது. இரண்டாம் நாள் மதிலில் ஓர் அணில் ஓடியது. அடுத்த நொடியில் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. அசைவதைக் கண்டால் துரத்துவது அதன் குருதியில் உள்ளது. அதற்கு நாள்தோறும் ஓட வேண்டும். எனக்கோ மாடிப்படியே மலை. குறை நாயிடத்தில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளச் சில நாள்கள் ஆயின.

மறு ஆண்டு, அண்டை வீட்டாரின் வயது முதிர்ந்த லேப்ரடார் ஒரு வாரம் என்னுடன் தங்கியது. நான் விடைத்தாள் திருத்தும்போது காலடியில் உறங்கியது. மாலையில் தெருமுனை வரை நடந்தாலே நிறைவடைந்தது. ஆனால், சமையலறைக் கதவைச் சாத்த மறந்த அன்று ஒரு பாத்திரம் சுண்டலும் காணாமற்போயிற்று! வீடெங்கும் உதிர்ந்த முடியைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்தில் நாயின் முழு இயல்பும் புலப்படாது என்பர் சிலர். உண்மைதான். ஒரே இனத்திலும் நாய்க்கு நாய் குணம் மாறும். புதிய இடத்தின் அச்சமும் சேர்ந்துகொள்ளும். எனினும், அந்த ஒரு வாரத்தில் நம் இயல்பு நமக்குப் புலப்படும். விடியலில் எழ முடிகிறதா, மழையிலும் வெளியே அழைத்துச் செல்கிறோமா, பணி முடிந்து களைத்து வரும்போது பொறுமை எஞ்சியிருக்கிறதா என்பவற்றை எந்தப் படமும் சொல்லாது.

சைபீரியக் குளிரில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கி, அடர்ந்த இரட்டை முடியுடன் சென்னையின் மே மாத வெயிலில் இளைப்பதைக் காண்கிறோம். மூக்குக் குறுகிய பக் நாயோ வெப்பத்தில் மூச்சுவிடவே திணறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடிய ஓர் உயிரை அழகுக்காக வாங்கி, ஆறாம் மாதம் தெருவில் விடுவதைக் கொடுமை என்றே சொல்வேன். வாங்குமுன் பிறர் நாயை ஒரு வாரமேனும் பேணிப் பார்த்திருந்தால், அவற்றுள் பல தெருவுக்கு வந்திரா.

நான் இன்னும் நாய் வாங்கவில்லை. அந்த ஆசிரியை ஊருக்குச் செல்லும்போதெல்லாம் சிப்பிப்பாறை என் வீட்டுக்கு வருகிறது. என் மகன் அதை அதிகாலையில் ஓட அழைத்துச் செல்கிறான். இப்போது அது வாசலை நோக்கிப் படுப்பதில்லை.