ஸ்டாண்டை எடுங்க பாஸ்!

பைக்கில் ஜாலியாகப் போய்க்கொண்டு இருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒரு அண்ணன் பக்கத்தில் வேகமாக வருகிறார். வாயே திறக்கவில்லை. காலை மட்டும் லேசாக உதறிக் காட்டிவிட்டு, தேங்க்ஸுக்குக்கூட நிற்காமல் பறந்துவிடுகிறார். உங்களுக்கு உடனே மேட்டர் புரிந்துவிடும். குனிந்து பார்த்தால் சைடு ஸ்டாண்டு ஹாயாகத் தொங்கிக்கொண்டு இருக்கும்.

தமிழ்நாட்டில் சாதி, மதம், கட்சி எதுவும் பார்க்காமல் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற ஒரே உதவி இதுவாகத்தான் இருக்கும். பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அக்கா, ஷேர் ஆட்டோ டிரைவர், டீக்கடை வாசலில் நிற்கும் தாத்தா... எல்லோரும் கத்துவார்கள், "ஏம்ப்பா, ஸ்டாண்டு ஸ்டாண்டு!"

இந்த அட்வைஸ் யாருக்குக் கிடைக்கிறது என்று கவனித்து இருக்கிறீர்களா? எல் போர்டு பார்ட்டிக்கு இல்லை. அவன் கண்ணாடியைச் சரிபார்த்து, ஸ்டாண்டை எடுத்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவான். பத்து வருஷமாக ஓட்டுகிறவர்தான் செல்போனில் பேசிக்கொண்டே கிக்கரை உதைத்து, ஸ்டாண்டை மறந்து கிளம்புவார். அனுபவம் இல்லாததால் வருகிற தப்பு இல்லை பாஸ் இது. அனுபவம் இருப்பதால் வருகிற தப்பு!

இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இடம்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை. செமஸ்டர் லீவு விட்டதும், 'ஊட்டி, ஏற்காடு எல்லாம் கூட்டம் மச்சி' என்று ஒரு கும்பல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஏரியா ஆச்சே!

சைடு ஸ்டாண்டு இருப்பது வண்டியின் இடது பக்கம். நேர் ரோட்டில் அது தொங்கினால் ஒன்றும் ஆகாது. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் அப்படியே போய்விடலாம். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கதை மாறும். வலது வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும், பிரச்னை இல்லை. அடுத்து வருகிறது இடது வளைவு. வண்டியை இடது பக்கம் சாய்க்கிறீர்கள். ஸ்டாண்டு தரையைத் தட்டுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் மடங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். வண்டி வளையாமல் நேராக எதிர்ப் பக்கத்துக்குப் போகும். அங்கே லாரி வரலாம், பள்ளமும் இருக்கலாம். இப்போது வருகிற பல வண்டிகளில் ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது, சந்தோஷம். ஆனால், மலைக்கு வருகிற கும்பலில் பாதிப் பேர் ஓட்டுவது அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர்!

ஏன் இப்படி மறக்கிறோம்? பிரிட்டனில் ஜேம்ஸ் ரீசன் என்று ஒரு சைக்காலஜி புரொஃபசர் இருந்தார். 1970-களில் ஒருநாள் டீ போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் பூனை பசியில் கத்துகிறது. டின்னைத் திறந்து, பூனைக்கான சாப்பாட்டை ஒரு ஸ்பூன் எடுத்து... நேராக டீ பாத்திரத்துக்குள் போட்டுவிட்டார்! நாமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று கழுவி வைத்திருப்போம். அவர் அதையே ஆராய்ச்சி ஆக்கிவிட்டார். ஆட்களைப் பிடித்து, 'தினமும் நீங்கள் செய்கிற ஞாபகமறதித் தப்புகளை டைரியில் எழுதுங்கள்' என்றார். 1990-ல் மனிதத் தவறுகள் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் விமானத் துறையிலும் மருத்துவத்திலும் படிக்கிறார்கள்.

அவர் கண்டுபிடித்த சமாசாரம் இதுதான். புது வேலையில் இந்த மாதிரித் தப்பு அதிகம் வராது. பழகிப் பழகிக் கை தானாகச் செய்கிற வேலையில், மனசு வேறு எங்கோ இருக்கும்போதுதான் வரும். கையும் காலும் பழைய ரூட்டிலேயே போய்விடும்.

நம்ம ஊரிலேயே பாருங்கள். 2019 நவம்பர் 26-ல் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். ஆனால், அட்ரஸ் எழுதச் சொன்னால் பல பேருக்குக் கை இன்றைக்கும் 'விழுப்புரம் மாவட்டம்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறது. சென்னையில் படிக்கிற பசங்க இன்னும் பாவம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்தபிறகு நம்ம பக்கம் வருகிற பஸ்கள் அங்கே மாறிவிட்டன. புதுசாக சென்னைக்கு வந்தவன் கரெக்டாக கிளாம்பாக்கம் போய் நிற்பான். நாலு வருஷமாகக் கோயம்பேட்டில் பஸ் ஏறிப் பழகிய சீனியர், பொங்கலுக்கு முந்தின நாள் இயர்போனில் பாட்டுக் கேட்டபடி கோயம்பேட்டில் இறங்கி நின்றால் எப்படி இருக்கும்?

டிக்கெட் புக் பண்ணுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அது நடுராத்திரி. 14-ம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு 12.20-க்கு ரயில் ஏற வேண்டும் என்றால், டிக்கெட்டில் இருக்க வேண்டிய தேதி 15. நம் மூளைக்கு, தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள். ரயில்வேக்கு மணி 00.00 அடித்தாலே அடுத்த நாள். 14 என்று போட்டு புக் பண்ணினால், நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்போது உங்கள் ரயில் போய் முழுசாக ஒருநாள் ஆகியிருக்கும். டிக்கெட் கையில், ஏசி கோச் கண் முன்னால், உங்கள் பெர்த்தில் வேறு ஒரு மாமா படுத்திருப்பார். அவரோடு சண்டை போட்டு அசிங்கப்படுவதற்கு முன்னால் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர் அடுத்த பொறி. ரயில் ஆப்பில் 'சேலம்' என்று தட்டினால் சேலம் ஜங்ஷன், சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று வரிசையாக வரும். கூடவே சின்னசேலமும் எட்டிப் பார்க்கும். சின்னசேலம் என்றதும் சேலத்தில் ஒரு ஏரியா என்று நினைத்துவிடாதீர்கள். அது கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர். இரண்டுக்கும் நடுவில் ஆத்தூர் என்று ஒரு முழு ஊரே இருக்கிறது! இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்ததால்தான் படிக்காமல் டக்கென்று விரல் தட்டிவிடுகிறது. ஆறுதலுக்கு ஒரு தகவல்: 2002-ல் பிரிட்டனில் இருந்து ஒரு ஜோடி ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதாக நினைத்து, கனடாவில் இருக்கும் இன்னொரு சிட்னியில் போய் இறங்கியது. பெயர் ஒன்று, நடுவில் ஒரு கடல்!

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு பைபாஸ். சென்னை - சேலம் வண்டிகளில் சில, கள்ளக்குறிச்சி ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். "கள்ளக்குறிச்சி நிக்குமா?" என்று கேட்டால் கண்டக்டர் "நிக்கும், ஏறு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ராத்திரி 2 மணிக்கு, தெரு நாய்கள் வரவேற்க, பைபாஸில் நிக்கும்! கேட்க வேண்டிய கேள்வி, "பஸ் ஸ்டாண்டு உள்ள போகுமாண்ணே?"

சரி, மலைக்கு வருவோம். கல்வராயன் என்பது ஒரு ஊர் இல்லை, ஒரு மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். கருமந்துறை சேலம் மாவட்டத்தில். "கல்வராயன் மலைல மீட் பண்ணலாம் மச்சி" என்று பேசிக்கொண்டு, ஒரு குரூப் ஆத்தூர்ப் பக்கமாக ஏறிக் கருமந்துறையிலும், இன்னொரு குரூப் வெள்ளிமலையிலும் உட்கார்ந்து, "எங்கடா இருக்க?" "இங்கதான்டா இருக்கேன்" என்று பேசிக்கொள்வது நடக்கிற கதை. வெள்ளிமலை என்று மேப்பில் போட்டால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு வெள்ளிமலை உண்டு. மேகம் அருவி இங்கே, மேகமலை தேனியில். மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டிவிட்டால் தொல்லை இல்லை.

அடுத்து பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் டேங்குக்குக் கீழே ஒரு குட்டித் திருகு இருக்குமே, அதை மறக்காமல் இருப்பவர் எத்தனை பேர்? பெட்ரோல் தீர்ந்து வண்டி இழுக்கும்போது ரிசர்வுக்குத் திருப்புகிறோம். பங்கில் பெட்ரோல் போட்டபிறகு பழைய இடத்துக்குத் திருப்புவதை மறந்துவிடுகிறோம். வண்டி சூப்பராக ஓடும். ஆனால், அடுத்த தடவை எச்சரிக்கையே கிடையாது, நேராக ஆஃப்! டவுனில் என்றால் பத்து நிமிஷம் தள்ளினால் பங்க். மலையில், மாலை ஆறு மணிக்கு? மலை ஏறும்போது வண்டி எப்போதையும்விட அதிகமாகக் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகளுக்கு ஒரு வார்த்தை. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை பாரமும் பிரேக் தலையில். சூடு ஏற ஏற பிரேக் பிடிக்காது. நாற்பது ரூபாய் பெட்ரோலுக்கு இது தேவையா?

பர்ஸ் விஷயம் இந்தக் காலத்து ஸ்பெஷல். டீக்கடை முதல் பூக்கடை வரை போனைக் காட்டியே பழகிவிட்டதால், பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தது மலை மேலே போனபிறகுதான் தெரியும். மேலே பல இடங்களில் சிக்னல் வரும், போகும். சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டுவது ரொம்பப் பரிதாபமான போஸ்.

அருவியில் குளிக்கிறவர்கள் பையையும் செருப்பையும் எப்போதும் ஓடைக்குள் இருக்கும் பாறை மேல்தான் வைப்பார்கள். இது பழக்கம். மேலே மழை பெய்தால், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். தண்ணீர் கலங்கலாக மாறினால் உடனே கரை ஏற வேண்டும். அந்த நேரத்தில் 'ஐயோ, போன்!' என்று திரும்பிப் போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பையை முதலிலேயே கரையில் வைத்துவிட்டால் திரும்பிப் போகிற வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று. இதுதான் என்னைப் பொறுத்தவரை ரொம்ப சீரியஸான மேட்டர். பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்குவது.

யோ யோ மா என்று ஒரு உலகப் புகழ் செல்லோ இசைக் கலைஞர். வருஷம் பூரா ஊர் ஊராகப் பறக்கிறவர். 1999 அக்டோபரில் நியூயார்க்கில் டாக்ஸி பிடித்தார். டிக்கியில் அவருடைய செல்லோ. 1733-ல் செய்தது, விலை 25 லட்சம் டாலர். ஹோட்டல் வந்தது, காசு கொடுத்தார், இறங்கினார், போய்விட்டார். செல்லோ டாக்ஸியோடு போய்விட்டது! நல்லவேளை, டாக்ஸி ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். அதை வைத்துப் போலீஸ் அன்றைக்கே கண்டுபிடித்துக் கொடுத்தது.

'வந்து சேர்ந்தாச்சு' என்று மனசு சொன்ன நிமிஷமே வேலை முடிந்ததாக மூளை கடையைக் கட்டிவிடுகிறது. மிச்சம் இருக்கும் சின்ன வேலை காணாமல் போகிறது. அதனால்தான் வெளிநாட்டில் பல ஏ.டி.எம்-களில் முதலில் கார்டு வெளியே வரும், அப்புறம்தான் பணம். பணம் முதலில் வந்தால் கார்டை விட்டுவிட்டுப் போய்விடுவோம்!

இதை ஏன் சீரியஸ் என்கிறேன்? ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை, 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து இன்றைக்குக் கவுன்சலிங்குக்கும் காலேஜுக்கும் இறங்கி வருகிற பலர், அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் 10-ம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., கூடவே மலையாளி பழங்குடி என்கிற சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளையின் அப்பா எத்தனை தடவை கூலியை விட்டுவிட்டு மலை இறங்கி ஏறினாரோ! அந்த ஃபைல் பஸ்ஸின் மேல் ரேக்கில் போய்விட்டால், அது செல்லோவைவிடப் பெரிய நஷ்டம்.

அதனால் ஃபைலை ரேக்கில் வைக்கவே வைக்காதீர்கள், மடியில்தான். வைத்தே ஆக வேண்டும் என்றால், எது இல்லாமல் நீங்கள் ஒரு அடி நகர முடியாதோ அதை ஃபைலுக்குள் போடுங்கள். பைக் சாவி, செல்போன், ஏதாவது ஒன்று. லாட்ஜில் சார்ஜரை விட்டுவிட்டு வருகிற கேஸ்களுக்கும் இதே வைத்தியம்தான், செருப்பை பிளக் பாயின்டுக்குக் கீழே விடுங்கள். எல்லா சர்ட்டிஃபிகேட்டையும் போட்டோ எடுத்து உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரிலும் பார்த்துவையுங்கள்.

அப்படியும் போய்விட்டதா? தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்யலாம், டூப்ளிகேட்டுக்கு அது உதவும். ஆனால், அது இரண்டாவது வேலை. முதல் வேலை, டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, இறங்கிய பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் ஆபீஸுக்கு ஓடுவது. எந்த ஊர் பஸ், எத்தனை மணிக்கு ஏறினோம் என்று டிக்கெட்டைக் காட்டினால் போதும், அடுத்து அது எங்கே நிற்கும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். டவுனில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கிற நேரம் எப்படியும் பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் போய்விட்டால், ஃபைல் வைத்த ரேக்கிலேயே இருக்க நல்ல சான்ஸ்.