சார்ட் கண்ணில் படுது, கைக்கு வரலையே! பாலாற்றுக்கு ஏன் ஒரு ‘டவுன்லோடு’ பட்டன் வேண்டும்?

ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனில் கழிவுநீர் கண்காணிப்புப் பக்கத்தைத் திறக்கிறார். கோடு திடீரென்று மேலே ஏறியிருக்கிறது. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்.

காலையில் ஒரு பதில்: “இது எந்த ஸ்டேஷன் தம்பி? தேதி எங்க?”

படத்தில் பேட்டரி சதவீதம் இருக்கிறது, டவர் சிக்னல் இருக்கிறது. நிலையத்தின் பெயர் இல்லை, அலகு இல்லை, தேதி இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் பக்கத்தில் அடுத்த 24 மணி நேரத்தின் சார்ட் வந்துவிட்டது. விவாதம் அங்கேயே முடிந்தது.

இது சின்ன டெக்னிக்கல் குறை மாதிரித் தெரியலாம். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

காகிதத்திலிருந்து சென்சாருக்கு

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் விளைநிலத்தையும் கெடுப்பதாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கும் அதில் இடம்பெற்றது.

அன்று ஆதாரம் என்றால் காகிதம். ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கு, ஆய்வக அறிக்கை.

இப்போது நிலைமை வேறு. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் தோல் பதனிடுதலும் உண்டு. இத்தகைய அளவீடுகள் மாநில வாரியத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பாலாறு மாசு தொடர்பாக 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அதாவது கேஸ் இன்னும் பழங்கதை ஆகவில்லை.

ஆனால் ‘பார்க்கும்படி’ என்பது போதாது. மறுநாள் இன்னொருவரிடம் காட்ட முடியாத தகவல், பாதித் தகவல்தான்.

படமாக மாற்றுவது அவ்வளவு கஷ்டமா?

இல்லை. இணையப் பக்கத்தில் சார்ட் பெரும்பாலும் இரண்டு விதமாக வரையப்படும். ஒன்று கேன்வாஸ்: ஏற்கெனவே புள்ளிகளால் ஆன படம், பிரவுசரே அதை பிஎன்ஜி கோப்பாகக் கொடுத்துவிடும். இன்னொன்று எஸ்விஜி: கோடுகளின் விவரம் எழுத்தாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஹைசார்ட்ஸ், இசார்ட்ஸ் போன்ற பிரபல மென்பொருள்களில் படமாகச் சேமிக்கும் வசதி தயாராகவே இருக்கிறது. சேர்த்துவிட்டால் போதும்.

சார்ட்டோடு அட்டவணை, தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால்தான் கொஞ்சம் வேலை. எச்டிஎம்எல்2கேன்வாஸ் போன்ற கருவிகள் பக்கத்தைப் போட்டோ எடுப்பதில்லை. பக்கத்தின் அமைப்பைப் படித்து மறுபடி வரைகின்றன. அங்கேதான் சறுக்கல் வரும்:

- தமிழ் எழுத்துரு சரியாகச் சேராவிட்டால் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையும்.
- வேறு சர்வரிலிருந்து வரும் லோகோ, மேப் இருந்தால், பாதுகாப்புக் காரணத்துக்காக பிரவுசர் சேமிக்க விடாது.
- பின்னணி நிறம் கொடுக்காமல் விட்டால், டார்க் மோடில் கறுப்பு எழுத்து கறுப்புக்குள்ளேயே மறைந்துபோகும்.

மூன்றுக்கும் தீர்வு உண்டு. எழுதத் தெரிந்த டெவலப்பர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள், வேலூரிலும் இருக்கிறார்கள்.

ஆலைக்காரருக்கும் இது நல்லதுதான்

இது ஆலைகளை மாட்டிவிடும் வேலை என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் அரைகுறை ஸ்கிரீன்ஷாட்டால் அதிகம் அடிபடுவது ஒழுங்காக நடத்துகிறவர்தான்.

சிஓடி என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அளவு 40-லிருந்து 60-க்குப் போனாலும், இடப்பக்க அச்சு 30-ல் தொடங்கி 70-ல் முடிந்தால் கோடு மலை மாதிரி நிற்கும். வரம்புக் கோடு இல்லாத படம், நல்ல ஆலையையும் குற்றவாளி ஆக்கிவிடும். சென்சாரைச் சரிபார்க்கும் நேரத்தில் வரும் பொய்யான ஏற்றமும் அப்படித்தான்.

அதனால் டவுன்லோடு ஆகும் படத்துக்குள்ளேயே நிலையத்தின் பெயர், அளவீடு, அலகு, கால எல்லை, வரம்புக் கோடு, எடுத்த நேரம், பக்கத்தின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பக்கத்திலேயே எண்களை சிஎஸ்வி கோப்பாக எடுக்க இன்னொரு பட்டன் வேண்டும். ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’ தளம் தன் சார்ட்டுகளில் படத்தையும் தரவையும் இப்படித்தான் கொடுக்கிறது.

“படத்தை எடிட் பண்ணிடுவாங்களே?”

பண்ணலாம். ஸ்கிரீன்ஷாட்டையும்தான் பண்ணலாம். அதற்கு மருந்து, அதே தேதியின் சார்ட்டை யாரும் மறுபடி திறந்து ஒப்பிட நிரந்தர லிங்க் கொடுப்பது. கோர்ட்டுக்குப் போகும்போது வெறும் படம் எடுபடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவத்தில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். நேரடியாக இறக்கிய கோப்பு இருந்தால் இந்த வேலை எளிது.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் பெறுவதை உரிமையாகவே சொல்கிறது. ஃப்ளாப்பி வரை பெயர் சொல்லி எழுதிய சட்டம் அது. பிஎன்ஜி கோப்புக்கு மட்டும் ஏன் தயக்கம்?

அதுவரை என்ன செய்யலாம்?

கணினியில் குரோம் இருந்தால், சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போங்கள். அந்தப் பகுதியின் வரியில் மறுபடி ரைட் கிளிக் செய்தால் ‘கேப்சர் நோட் ஸ்கிரீன்ஷாட்’ வரும். அந்தப் பகுதி மட்டும் தனிப் படமாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் ‘டேக் ஸ்கிரீன்ஷாட்’ இன்னும் சுலபம். போனில் என்றால் நிலையத்தின் பெயரும் தேதியும் தெரியும்படி எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், எண்கள் மங்காது. பக்கத்தின் லிங்க்கையும் கூடவே போடுங்கள்.

இதெல்லாம் தற்காலிக ஒட்டுவேலைதான். கருவி பொருத்தச் செலவாகிவிட்டது, சர்வர் ஓடுகிறது, சார்ட்டும் வரையப்படுகிறது. கடைசியாக ஒரு பட்டன் மட்டும் பாக்கி. அது வந்துவிட்டால், ‘தேதி எங்க?’ என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லும். அதன்பிறகு ஊரில் விவாதம், தண்ணீர் கெட்டதா இல்லையா என்பதைப் பற்றி நடக்கும்.