கை மாறும் பேச்சு

ஓசூரில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ராத்திரி எட்டே முக்கால் ஆனால் அவர் இடது கை காதுக்குப் போய்விடும். வலது கை மட்டும் களி கிண்டும். களி கிண்டுவதை நடுவில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் இருப்பது மகள். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து பஸ் ஏறியதும் அம்மாவைக் கூப்பிடுவாள். சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வருவாள். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இராது. குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடி செக்போஸ்ட் நெருங்கும்போது குரல் டக்கென்று அறுந்துவிடும். தினமும் அதே இடம். ஒரு நிமிஷம் கழித்து மகள் மறுபடி கூப்பிடுவாள்.

2014-ல் ஒரு மழை நாள். குரல் அறுந்தது; மறுபடி வரவில்லை. அக்கா கூப்பிட்டால், நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்கிறாள். எல்லைக்கு அப்பாலாம்! அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குடையைக்கூட எடுக்காமல் தம்பியுடன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். மகள் சாவகாசமாக இறங்கி வந்தாள். வேறொன்றுமில்லை; கர்நாடகத்தில் இருந்தவரை ரோமிங் கட்டணம் கணக்கிலிருந்த காசைத் தின்றுவிட்டது. ஸிம் கார்டில் பைசா இல்லாமல் எப்படிக் கூப்பிடுவாள்? ஆனால் அன்று ராத்திரி அக்கா சொன்னது, "வேலையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், நாளையிலிருந்து வீட்டிலே இரு." பெண் ஒரு வாரம் அழுதாள். நானும் போய்ப் பேசித்தான் அந்த வேலை தப்பியது.

ஒரு பெண்ணின் உத்தியோகத்தையே ஆட்டிப் பார்த்த அந்த அறுந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

'செல்' என்றால் தமிழில் 'போ' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் சிற்றறை. தேனடை போல ஊரை அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு டவர் வைக்கலாம் என்று அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டக்ளஸ் ரிங் 1947-லேயே எழுதிவைத்தார். பேசிக்கொண்டிருப்பவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் பேச்சும் கூடவே போக வேண்டுமே? அதற்கு வழி செய்து 1972-ல் காப்புரிமை வாங்கியவர் அதே கூடத்து அமோஸ் ஜோயல். இந்தக் கைமாற்றத்துக்கு எஞ்சினீயர்கள் வைத்த பெயர் 'ஹாண்ட் ஓவர்'. நாம் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றுகிறோமே, அதுதான்.

நீங்கள் பேசிக்கொண்டே போகையில் உங்கள் போன் கோள் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து டவர்களின் பலம் இவ்வளவு இவ்வளவு என்று, பழைய 2ஜி போனில் ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு தரம், தன் டவருக்குத் தகவல் போகும். மாறு என்று உத்தரவு போடுவது டவர்ப் பக்கத்து யந்திரம். சீக்கிரம் உத்தரவு போட்டால் நல்லதுதானே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அடுத்த டவர் ஒரு துளி பலமாகத் தெரிந்ததுமே மாற்றினால், மறுநிமிஷம் பழைய டவர் ஒரு துளி பலமாகிவிடும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது போல் போன் அலையும். தாமதித்தாலோ வேறு விதமான ஆபத்து. பஸ் மணிக்கு 60 கிலோ மீட்டர் போனால் விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஆயிற்றே. உத்தரவு போடுகிற நேரத்தில் பழைய டவரின் குரலே தேய்ந்துவிடும். உத்தரவு போனுக்கு எட்டாது. ரெயில் நகர்ந்த பிறகு ஜன்னல் பக்கம் ஓடிக்கொண்டே, "சாவி மாடத்திலே இருக்கு!" என்று கத்துகிறோமே, அந்தக் கதை. அறுபடும் பேச்சுகளில் பல இப்படித்தான் அறுகின்றன.

புத்தியுள்ள அம்மா என்ன செய்வாள்? வீட்டிலேயே சொல்லி அனுப்புவாள். 5ஜி விதிகளில் 2020-ல் சேர்த்த ஏற்பாடு இதுதான். குரல் தெளிவாக இருக்கும்போதே டவர் போனிடம் சொல்லிவிடுகிறது: இன்ன டவர் இவ்வளவு பலமானால் நீயே மாறிக்கொள், என்னைக் கேட்டு நிற்காதே. அக்காவும் மகளும் அந்த மழை நாளுக்குப் பிறகு செய்துகொண்ட ஒப்பந்தமும் ஏறக்குறைய இதேதான்: "அறுந்தால் பயப்படாதே. ஒன்பதரைக்குள் வராவிட்டால் மட்டும் கிளம்பு." எஞ்சினீயர்களுக்கு ஐந்தாறு வருஷம் முந்திக்கொண்டார்கள்!

அந்த 2020 விதிகளில் இன்னொன்றும் உண்டு. 2ஜி-யில் பழைய கையை விட்ட பிறகே புதிய கையைப் பிடிக்க வேண்டும். சி.டி.எம்.ஏ. என்று ஒரு ரகமும் பிறகு 3ஜி-யும் வந்தபோது இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. 4ஜி வந்ததும் அந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டு, விட்டுப் பிடிப்பதையே விரைவாக்கினார்கள். இடைவெளி விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். பேச்சில் அது காதுக்குத் தெரியாது. ஆனால் ஓடுகிற ஆம்புலன்ஸின் படத்தை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தால், தொழிற்சாலையில் யந்திரக் கை கம்பியில்லாமல் ஓடினால், அந்த இருபதில் ஒரு பங்கும் பெரிசு. சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் 2017-ல் 5ஜி-க்கு வைத்த நிபந்தனை இடைவெளி பூஜ்யம் என்பது. அதனால் பழைய கையை விடுமுன் புதிய கையைப் பிடிக்கும் முறை மறுபடி வந்தது. ஏட்டில் வந்ததெல்லாம் எல்லா டவரிலும் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

எங்கள் ஜூஜூவாடி சங்கதி இதோடு தீரவில்லை. தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகம் ஒரு வட்டம் என்றுதான் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தது. கம்பெனி ஒன்றே ஆனாலும் கணக்கில் இரண்டு வீடு. டவரிடம் அண்டை டவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் பெயர் இல்லாத டவர் கூப்பிடு தூரத்தில் நின்றாலும் பேச்சை அதன் கையில் கொடுக்க முடியாது. வேகமான யந்திரம் என்ன செய்யும், பாவம்! ஓசூரில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கர்நாடகத்து டவர் ஒட்டிக்கொண்டு ரோமிங் காசு போனதும் உண்டு. 2017-ல் பெரிய கம்பெனிகள் அந்தக் கட்டணத்தை எடுத்தன. எல்லைக்காரர்கள் நாங்கள் மூச்சு விட்டோம்.

அறுந்த பேச்சுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் ஒரு உத்தரவு வந்தது தெரியுமா? ஒரு பேச்சுக்கு 1 ரூபாய், நாளைக்கு மூன்று ரூபாய்க்கு மேல் இல்லை. 2016 ஜனவரி முதல் தேதி முதல் அமல் என்று டிராய் சொல்லியிருந்தது. மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. அக்காவிடம் சொன்னபோது, "அந்த மழை ராத்திரிக்கு ஒரு ரூபாயா?" என்று சிரித்தார்.

போன வெள்ளிக்கிழமை பக்ஷணம் கொடுக்கப் போயிருந்தேன். மகள் இப்போது அங்கேயே உயர்ந்த உத்தியோகத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஜூஜூவாடி தாண்டியும் பேச்சு அறவில்லை. அக்கா மட்டும் அந்த அரை நிமிஷம் களித்துடுப்பை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அன்றைய களியில் இரண்டு கட்டி இருந்தது.