ஒரு டின் மண்ணெண்ணெய், ஓர் உயிர்

1978 அக்டோபர் 6. சியாச்சின் பனியாற்றில் கர்னல் நரேந்திர குமாரின் மலையேற்றக் குழுவைச் சேர்ந்த இருவரை உடனடியாகக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். ஸ்குவாட்ரன் லீடர் மோங்காவும் பிளையிங் ஆபீசர் மன்மோகன் பகதூரும் ஒரு சேத்தக் ஹெலிகாப்டரை முன்தள முகாம் அருகே பனியின் மேல் இறக்கினார்கள். அந்தப் பனியாற்றில் ஹெலிகாப்டர் தரையிறங்கியது அதுவே முதல் முறை. நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

விமானப்படையின் 114-வது ஹெலிகாப்டர் பிரிவின் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். 1964-ல் உருவான இப்பிரிவின் தளம் லே. 1984 ஏப்ரல் 13-ல் 'ஆபரேஷன் மேகதூத்' தொடங்கி, ராணுவம் சியாச்சின் கணவாய்களில் குடியேறியபோது இதன் வேலை பல மடங்கானது. மேலே போகும்போது உணவு, மருந்து, மண்ணெண்ணெய், தபால். திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவர், குளிரில் விரல் கருகியவர், பனிப்பிளவில் விழுந்து அடிபட்டவர். 'சியாச்சின் பயனியர்ஸ்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

இந்த வேலையில் எல்லாம் எடைக் கணக்குதான். 20,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் மூச்சு வாங்குகிறது, விசிறிக்குப் பிடிமானம் குறைகிறது. மிக உயரமான முகாம்களுக்கு ஒரு சீட்டா ஹெலிகாப்டர் ஒரு தடவையில் கொண்டுபோகக்கூடியது சில சமயம் 20, 25 கிலோதான். அதாவது, ஒரு டின் மண்ணெண்ணெய்.

ஆனால் மயங்கிக் கிடக்கும் ஜவானின் எடை அதைப்போல மூன்று மடங்கு. ஆகவே தேவையற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, போய்வரும் அளவுக்கு மட்டும் எரிபொருள் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். காற்று திசைமாறினால் இன்னொரு முறை சுற்றிவரவும் கையிருப்பு இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அதிகாலையே உகந்த நேரம். இறங்குதளம் என்பது மேஜை அகலப் பனித்திட்டு. எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது சந்தேகம். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றது உதவட்டும் என்று எப்போதும் ஜோடியாகவே பறக்கிறார்கள்.

2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்து பீரங்கிகள் ஓய்ந்தன, பனி ஓயவில்லை. 2016 பிப்ரவரி 3-ல் சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் முகாமில் 19-வது மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்துப் பேரைப் பனிச்சரிவு புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். துளையிடும் கருவிகளையும் மீட்புக் குழுவினரையும் ஹெலிகாப்டர்கள் மேலே கொண்டுசேர்த்தன. ஐந்து நாட்களுக்குப் பிறகு, தோண்டிய பனிக்கடியில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். மறுநாள் ஹெலிகாப்டரில் கீழே இறக்கி, தோய்ஸ் வழியாக டில்லிக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 11-ல் அவர் இறந்தார். காப்பாற்ற முடியவில்லை, ஆனாலும் அவரைப் பனியில் விட்டுவிட்டு வரவில்லை.

அந்த விமானிகளுக்கு நாடு கொடுத்திருக்கும் வாகனம் எப்படிப்பட்டது? இந்தியாவின் தேவைக்காக பிரான்சில் வடிவமைக்கப்பட்டு 1969-ல் முதலில் பறந்த 'லாமா'தான், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கைவண்ணத்தில் 'சீட்டா' ஆனது. பிரமாதமான இயந்திரம்தான். வலுவான எஞ்சின் பொருத்திய அதன் 'சீட்டல்' வடிவம் 2004 நவம்பரில் சாசர் காங்ரியில் 25,150 அடி உயரத்தில் இறங்கிக் காட்டியது.  ஆனால் உடம்பு பழைய உடம்புதான்.

மாற்று தேடும் படலம் பரிதாபமானது. ஒரு டெண்டர் 2007-ல் ரத்து. அடுத்தது 2014-ல் ரத்து. 2015-ல் ரஷ்யாவுடன் 200 காமோவ் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம், அதுவும் கரைசேரவில்லை. உள்நாட்டு இலகு ரக ஹெலிகாப்டர் 2020-ல் சியாச்சின் உயரத்தில் சோதனை முடித்தது. அதன் பிறகும் காத்திருப்பு நீண்டது.

டில்லியில் ஒரு கோப்பு தாமதமாவது சகஜம். லே விமானியோ கிராம் கணக்குப் பார்த்துத்தான் கிளம்புகிறார். கூடுதலாக 50 கிலோ தூக்கும் ஹெலிகாப்டர் கிடைத்தால், அவரால் இன்னும் கொஞ்சம் எரிபொருள் எடுத்துப் போக முடியும். முதல் முயற்சி தவறினால் இரண்டாவது முறை முயலவும் முடியும். மேலே காத்திருப்பவருக்கு அந்த இரண்டாவது முயற்சியே உயிர்.