பார்த்ததற்குக் காசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் பழைய புல்லட்டில் இரண்டாவது கியர் நழுவிக்கொண்டே இருந்தது. அடையாறு மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் டக்கென்று விட்டுவிடும். "பாக்ஸையே மாத்திடுங்க சார், புதுப்பேட்டையில கிடைக்கும்" என்றார் ஒருவர். மயிலாப்பூர் சந்தில் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் மட்டும், "முதல்ல திறந்து பார்த்துடலாம்" என்றார்.

அரை நாள் பார்த்தார். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாகத் துணியில் வரிசையாக வைத்தார். பேரிங்கை விரலால் சுற்றினார்; சொரசொரப்பு இல்லை. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினார். ஒரு புஷ் தேய்ந்திருந்தது. கியரின் பக்கவாட்டில் இருக்கும் டாக் பற்களைக் காட்டினார். சதுரமாக இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. இழுவை வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. "இதை மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வரும்" என்று சொல்லி, செலக்டர் ஃபோர்க்கைக் கையில் கொடுத்தார். அது தேய்ந்ததால்தான் பற்கள் முழு ஆழத்துக்குப் போகாமல் நுனியிலேயே பாரம் தாங்கியிருக்கின்றன. ஆக, மாற்ற வேண்டியவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இரண்டு கியர், ஒரு ஃபோர்க், ஒரு புஷ். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது.

அப்போது ஒருவர் தன் வண்டியை எடுக்க வந்தார். அதையும் திறந்து பார்த்து, அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் செய்திருந்தார்கள். "ஒண்ணுமே மாத்தலையே, பார்த்ததுக்கு எதுக்குப்பா காசு?" என்று கேட்டார். பெரியவர், "குடுக்கிறதைக் குடுங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்றால் சந்தோஷமாக ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் அதையே சொன்னால் பேரம் பேசுகிறோம். பாகம் மாற்றினால்தான் கூலி என்று நாமே விதி வைத்துவிட்டு, "தேவையில்லாததை மாத்தறாங்க" என்று நாமே புலம்புகிறோம். கணக்கில் ஒரு படி தப்பு என்றால் அந்தப் படியைத்தானே திருத்த வேண்டும்? நோட்டையே கிழித்துப் போடுவோமா? புதுப்பேட்டையில் வாங்கும் பழைய பாக்ஸ் மட்டும் புதிதா என்ன? அது வேறொருவர் வண்டியின் தேய்மானம்.

கேஸே வெடித்திருந்தால், பேரிங் உட்காரும் இடம் தளர்ந்திருந்தால் முழுசாக மாற்றுவது நியாயம். ஆனால் அதுவும் திறந்து பார்த்தால்தானே தெரியும்?

1950-களில் நம் மெட்ராஸில் தொடங்கியது இந்த வண்டியின் இந்தியத் தயாரிப்பு. வலது கால் கியரும், குதிகாலால் அழுத்தும் நியூட்ரல் லீவரும் கொண்ட அந்தத் தனிப் பாக்ஸ் இனி வராது. இப்போதைய வண்டிகளில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். நல்ல பாகங்களைக் குப்பையில் போட்டால் போனது போனதுதான்.

எனவே வண்டியை விடும்போதே, "பார்க்கிறதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எதுவும் மாற்றாவிட்டாலும் அதைக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஏமாற்றுகிறார்கள் என்ற பயத்துக்கு அதுதான் மருந்து.

பெரியவர் கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுத்தேன். இத்தனை வருஷம் குறைத்ததை எங்கே போய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.